சென்சார் போர்டு நிஜமாகவே அணைந்ததா?

வேலையில் சேர்ந்த புதிதில் என்னிடம் வந்தது பேட்டரியில் ஓடும் ஒரு சின்னக் கருவி. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை விழித்து, அதில் இணைத்த சென்சார் போர்டு வழியாக வெப்பமும் ஈரப்பதமும் அளந்துவிட்டு மறுபடி தூங்கவேண்டும், அவ்வளவுதான். கருவியை நடத்தும் கன்ட்ரோலர் சிப்பின் தூக்கக் கரன்ட்டை 10 மைக்ரோஆம்பியருக்குக் கொண்டுவந்துவிட்டேன், ஆனாலும் 2000 மில்லிஆம்பியர்-அவர் பேட்டரி மூன்றே வாரத்தில் படுத்துவிட்டது. வகுத்துப் பார்த்தால் கிட்டத்தட்ட 4 மில்லிஆம்பியர் இரவு பகலாகப் போயிருக்கிறது. சென்சார் சிப் தூக்கத்தில் எடுப்பது ஒரு மைக்ரோஆம்பியருக்கும் கீழே. தின்றது போர்டில் கூடவே வரும் பவர் எல்.இ.டி.யும், வோல்ட்டேஜைச் சீராக வைக்கும் ரெகுலேட்டரும்.

சரி, போர்டுக்குப் போகும் பவரையே வெட்டிவிடலாம் என்று வி.சி.சி. எனும் பவர் லைனில் ஒரு பி-சேனல் மாஸ்ஃபெட், அதாவது மின்சுவிட்ச்சாக வேலை செய்யும் டிரான்சிஸ்டர், போட்டேன். அதை இயக்கும் கால் கேட், பவர் நுழையும் கால் சோர்ஸ்; கேட்டிலிருந்து சோர்ஸுக்கு 100 கிலோஓம் ரெசிஸ்டர், கன்ட்ரோலரின் ஒரு பின் (கால்) கேட்டை 0 வோல்ட்டுக்கு இழுத்தால் போர்டுக்குப் பவர். மாஸ்ஃபெட்டை அணைத்த பிறகும் மீட்டர் 0.3 மில்லிஆம்பியரில் நின்றது. பக்கத்து மேஜையிலிருந்து வந்து பார்த்த சீனியர் சொன்னது ஒன்றுதான்: "ரூம் லைட்டை அணைச்சிட்டு போர்டைப் பாரு தம்பி."

கையைக் குவித்து மூடிப் பார்த்தேன். சிவப்பு எல்.இ.டி. ஊசிமுனை அளவுக்கு எரிந்துகொண்டிருந்தது! வி.சி.சி. காலில் மீட்டர் முனையை வைத்தால் 1.9 வோல்ட்.

கன்ட்ரோலரும் சென்சாரும் பேசிக்கொள்ளும் எஸ்.டி.ஏ., எஸ்.சி.எல். சிக்னல் லைன்களின் 4.7 கிலோஓம் புல்-அப்களை (லைனை மேல் வோல்ட்டேஜில் பிடித்து வைக்கும் ரெசிஸ்டர்களை) நான் எப்போதும் உயிரோடு இருக்கும் 3.3 வோல்ட்டில் கட்டியிருந்தேன். அந்தக் கரன்ட் சிக்னல் கால் வழியாகச் சிப்புக்குள் நுழைந்து, உள்ளே இருக்கும் பாதுகாப்பு டையோடு வழியாக வி.சி.சி.க்கு ஏறிவிடுகிறது. முன்கதவைப் பூட்டிவிட்டு ஜன்னலைத் திறந்து வைத்த கதை. கிரவுண்டை வெட்டினாலும் இதே கோளாறுதான், திரும்பும் கரன்ட் சிக்னல் லைனில் வழி தேடிக்கொள்ளும், அதனால் அந்தப் பக்கமே போகவேண்டாம் என்பேன். புல்-அப்களை மாஸ்ஃபெட்டுக்குப் பின்னால், போர்டின் பக்கம் மாற்றினேன். பவரை வெட்டும் முன் அந்த இரண்டு லைன்களின் கன்ட்ரோலர் பின்களையும் லோவில் (0 வோல்ட்டில்) வைத்தேன். எல்.இ.டி. அணைந்தது, மீட்டரும் 12 மைக்ரோஆம்பியருக்கு இறங்கியது.

எல்லாவற்றுக்கும் மாஸ்ஃபெட் தேவை என்று சொல்லவில்லை. ஒன்றிரண்டு மில்லிஆம்பியர் எடுக்கும் போர்டுக்குக் கன்ட்ரோலர் பின்னிலிருந்தே பவர் தரலாம், நானே தருகிறேன். ஹீட்டர் உள்ள வாயு சென்சார் 150 மில்லிஆம்பியர் கேட்கும், அதைப் பின்னில் மாட்டவே கூடாது.

அப்புறம் இன்னொரு சிக்கல். மறுநாள் கருவியை இயக்கியதும் முதல் அளவு சரியாக வந்தது, அடுத்ததிலிருந்து அர்த்தமில்லாத எண்கள். பவர் போனால் சென்சாரின் ரெஜிஸ்டர்களில் (உள் நினைவிடங்களில்) எழுதிய அமைப்பும் போய்விடும் அல்லவா, நான் அதைத் தொடக்கத்தில் ஒரே ஒருமுறைதான் எழுதியிருந்தேன். இப்போது ஒவ்வொரு முறையும் பவரைக் கொடுத்து, சில மில்லிசெகண்ட் பொறுத்து, அமைப்பை முழுதாக எழுதிவிட்டுத்தான் அளவைக் கேட்கிறேன்.