‘சி, தொக்தோரா’ என்றால் சரி என்று அர்த்தமில்லை

நாற்பது நிமிடப் பரீட்சை, அதுவும் போனில். எதிர்முனையில் ஒரு பெண்மணி நோயாளி மாதிரி ஸ்பானிஷில் பேசுவார். நான் டாக்டராகப் பதில் சொல்ல வேண்டும். முதல் தடவை பெயில். பி.டி.எஸ்.ஸில் ஒரு அரியர்கூட வைக்காதவள், பார்க்கிங்கில் காருக்குள் உட்கார்ந்து அரைமணி நேரம் அழுதேன்.

நான் மதுரைக்காரி. கலிஃபோர்னியாவில் ஃபிரெஸ்னோ பக்கம் ஒரு சமுதாய சுகாதார மையத்தில் பல் டாக்டர். இந்தியாவில் படித்துவிட்டு இங்கே பல் டாக்டராக என்னென்ன செய்ய வேண்டும் என்று நிறையப் பேர் எழுதிவிட்டார்கள்: 500 கேள்விகள் கொண்ட ஐ.என்.பி.டி.இ. என்ற தேசியத் தேர்வு, மறுபடியும் இரண்டு மூன்று வருஷப் படிப்பு, வீடு வாங்கும் அளவுக்குக் கடன், கடைசியில் மாநில லைசென்ஸ். அதை நான் திரும்ப எழுதப்போவதில்லை. லைசென்ஸ் கைக்கு வந்தபின் படிக்க வேண்டியிருந்த பாடம் இது.

எங்கள் பள்ளத்தாக்கில் திராட்சையும் பாதாமும் தக்காளியும் விளைகின்றன. அவற்றைப் பறிக்கிறவர்களும் அவர்கள் வீட்டுப் பிள்ளைகளும்தான் என் நாற்காலிக்கு வருகிறார்கள். 2020 கணக்கெடுப்பில் அமெரிக்காவின் ஹிஸ்பானியர், அதாவது ஸ்பானிஷ் பேசும் நாடுகளின் வம்சாவளியினர், எண்ணிக்கை 6.21 கோடி, கிட்டத்தட்ட ஐந்தில் ஒருவர். பல் டாக்டர்களில் அவர்கள் பங்கு நூற்றுக்கு ஆறு என்ற அளவில்தான் இருக்கிறது. அதனால் மெக்சிகோவின் மிச்சோவகானிலிருந்து வந்த பாட்டிக்கு மதுரைப் பெண் பல் பிடுங்குகிறாள்.

சேர்ந்த இரண்டாவது வாரம். ஒரு அம்மாவுக்குக் கடைவாயில் வீக்கம். கூட வந்த ஒன்பது வயதுப் பையன் ஆங்கிலம் நன்றாகப் பேசினான். மொழிபெயர்ப்பாளரை வீடியோவில் கூப்பிட்டால் பத்து நிமிடம் காத்திருக்க வேண்டும். வெளியே ஆறு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். பையனையே கேட்கச் சொன்னேன். மருந்து ஒவ்வாமை உண்டா, இரத்த அழுத்தம் உண்டா, எல்லாம் கேட்டுச் சொன்னான். எக்ஸ்ரேக்கு முன், “அம்மா கர்ப்பமா இருக்காங்களான்னு கேளு” என்றேன். அவன் காது சிவந்துவிட்டது. அம்மா பக்கம் திரும்பி ஏதோ முணுமுணுத்தான். “இல்லையாம்” என்றான்.

அவன் கேட்கவே இல்லை. எங்கள் உதவியாளர் அக்கா பின்னாலிருந்து கேட்டுக்கொண்டிருந்தார். ‘உங்களுக்கு எக்ஸ்ரே எடுக்கப்போறாங்க’ என்று மட்டும்தான் சொன்னானாம். அவர் நேராகக் கேட்டபோது அந்த அம்மாவுக்கு நான்கு மாதம். பல் எக்ஸ்ரேயால் கர்ப்பிணிக்குப் பெரிய ஆபத்து ஒன்றுமில்லை, அவசியமானால் எடுக்கலாம். ஆனால் எழுதித் தரும் மருந்து மாறும், படுக்க வைக்கும் விதம்கூட மாறும். அம்மாவிடம் அந்தக் கேள்வியை எந்தப் பையன் கேட்பான்? என் தம்பி கேட்டிருப்பானா?

அன்று மாலை மேலாளர் கூப்பிட்டுப் பேசினார். திட்டவில்லை, அது இன்னும் மோசமாக இருந்தது. 1964 குடிமை உரிமைகள் சட்டத்தின் ஆறாம் பிரிவிலிருந்து ஆரம்பித்தார். அரசு நிதி வாங்கும் இடத்தில் மொழி தெரியாததால் யாருக்கும் சேவை குறையக் கூடாது. 2010-இல் வந்த மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்தின் 1557-ஆம் பிரிவும் அதன் விதிகளும், அவசரநிலை தவிரப் பிள்ளைகளை மொழிபெயர்க்க வைக்கக் கூடாது என்கின்றன. பிறகு மருத்துவ மொழிபெயர்ப்பு வகுப்பில் எல்லாரும் சொல்லும் கதையைச் சொன்னார். 1980-இல் ஃபுளோரிடாவில் 18 வயதுப் பையனை மயங்கிய நிலையில் கொண்டுவருகிறார்கள். குடும்பம் ‘இன்தொக்சிகாதோ’ என்கிறது. கியூபாக்காரர்கள் பேச்சில் அதற்கு, சாப்பிட்டதோ குடித்ததோ ஒத்துக்கொள்ளவில்லை என்று பொருள். டாக்டர்கள் அதை ஆங்கில ‘இன்டாக்சிகேட்டட்’ மாதிரி, போதை என்று எடுத்துக்கொண்டு அதற்கு வைத்தியம் பார்த்தார்கள். உண்மையில் மூளையில் இரத்தக் கசிவு. கை கால் நான்கும் செயலிழந்துபோயின. சுமார் 7.1 கோடி டாலர் இழப்பீடு.

“நீங்க ரெண்டுல ஒண்ணு செய்யலாம்” என்றார் மேலாளர். ஒவ்வொரு நோயாளிக்கும் மொழிபெயர்ப்பாளரை வைத்துக்கொள்ளலாம். அல்லது ஸ்பானிஷ் படித்து, தேறியதற்குச் சான்று வாங்கிவிட்டு, நேரடியாகப் பேசலாம். அரைகுறையாகப் பேசுவதற்கு மட்டும் அனுமதியில்லை.

படிக்க ஆரம்பித்தேன். காலையில் காரில் ஆடியோ, இரவில் ஆன்லைன் வகுப்பு, நடுவில் உதவியாளர் அக்கா. இலக்கணத்தை வகுப்பில் படித்தேன். மீதி எல்லாம் அக்காவிடம்.

ஒருநாள் ஒரு பெரியவர் “தெங்கோ அசூகர்” என்றார். சொல்லுக்குச் சொல் பார்த்தால், ‘எனக்குச் சர்க்கரை இருக்கு’. நான் சிரித்துவிட்டேன். ஆரப்பாளையத்தில் என் பெரியப்பா சொல்வதும் அதேதான். நீரிழிவு என்று அவரும் சொன்னதில்லை. இரத்த அழுத்தத்துக்கு ‘லா பிரெசியோன்’, நம்மூர் ‘பிரஷர் இருக்கு’ மாதிரியே. பல்வலிக்குக் கிராம்பு. எத்தனை வலித்தாலும் ‘அகுவாந்தார்’, பொறுத்துக்கொள்வது. வாய் திறக்க முடியாமல் வீங்கினபிறகுதான் வருவார்கள். இதுவும் எனக்குப் புதிதில்லை.

கண் திருஷ்டிக்கு ‘மால் தெ ஓஹோ’. கைக்குழந்தையின் முதல் பல்லைப் பார்த்து “எவ்வளவு அழகு!” என்று சொல்லிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். பாட்டியின் முகம் மாறியது. அக்கா காதோடு சொன்னார்: “தொட்டுடுங்க தொக்தோரா. கொஞ்சிட்டுத் தொடாம விட்டா கண்ணு பட்டுடும்.” தலையைத் தடவினேன், பாட்டி மூச்சு விட்டார். குழந்தையின் மணிக்கட்டில் சிவப்புக் கயிறு. எங்கள் வீட்டில் அது கறுப்புக் கயிறாக இருந்திருக்கும். நாம் உப்பு மிளகாய் சுற்றிப் போடுகிறோம், அவர்கள் முட்டையை உடம்பெல்லாம் தடவி எடுக்கிறார்கள்.

பெயர்ச் சிக்கலும் நம்முடையதுதான். அப்பா வழிப் பெயர், அம்மா வழிப் பெயர் என்று இரண்டு குடும்பப் பெயர்கள். அமெரிக்கப் படிவத்தில் ‘கடைசிப் பெயர்’ என்று ஒரு கட்டம்தான் உண்டு. லோப்பெஸ் கார்சியா ஒருமுறை லோப்பெஸ் ஆவார், இன்னொருமுறை கார்சியா ஆவார், இரண்டு ஃபைல். பெனிசிலின் ஒவ்வாது என்ற குறிப்பு ஒன்றில், இன்றைய சந்திப்பு மற்றதில். இனிஷியலை விரித்து எழுதி, அப்பா பெயராலேயே பாதி அமெரிக்காவில் அழைக்கப்படும் எனக்கு அதை விளக்க வேண்டியிருக்கவில்லை. இப்போதெல்லாம் பிறந்த தேதியைக் கேட்ட பிறகுதான் வாயைப் பார்ப்பேன்.

பிரசவமாகி இருபது நாளான ஒரு பெண்ணுக்குப் பல் எடுத்துவிட்டு, கன்னத்தில் ஐஸ் வையுங்கள், ஐஸ்கிரீம் சாப்பிடுங்கள் என்றேன். “சி, தொக்தோரா” என்றாள், ‘சரி, டாக்டரம்மா’. இரண்டு நாள் கழித்து நல்ல வீக்கத்தோடு வந்தாள். ஐஸ் வைக்கவே இல்லை. பிள்ளை பெற்ற நாற்பது நாளும் ‘குவாரெந்தேனா’; குளிர்ந்தது எதுவும் கிட்டே வரக் கூடாது. பச்சை உடம்புக்கு ஐஸா என்று என் ஆச்சி கேட்டிருப்பாள், அந்தப் பெண் மரியாதைக்காகக் கேட்கவில்லை. டாக்டரை எதிர்த்துப் பேசுவது அவர்கள் வளர்ப்பில் இல்லை. அதன்பின் பிரசவமான பெண்களிடம் குளிர்ச்சியைப் பற்றிப் பேசுவதில்லை. பஞ்சை இறுக்கிக் கடியுங்கள், தலையணையை உயர்த்திப் படுங்கள், ஆறின கஞ்சி குடியுங்கள் என்கிறேன். ஐஸ் நல்லதுதான். வைக்காத ஐஸால் என்ன பயன்?

எல்லாவற்றையும் இப்படி வளைந்துகொடுத்துக் கடந்துவிட முடியாது. ‘எம்பாச்சோ’ என்று ஒன்று, சாப்பிட்டது வயிற்றில் ஒட்டிக்கொண்டுவிட்டது என்பார்கள். பெரும்பாலும் சீமைச்சாமந்தித் தேநீர், வயிற்றைத் தடவி விடுவது. அதில் ஒரு கெடுதலும் இல்லை. ஆனால் சில வீடுகளில் ‘அசார்கோன்’ என்ற ஆரஞ்சுப் பொடி, ‘கிரேத்தா’ என்ற மஞ்சள் பொடி. இரண்டும் ஈயம். ‘நாட்டு மருந்து குடுக்கறீங்களா?’ என்று கேட்டால் எல்லாரும் இல்லை என்றுதான் சொல்வார்கள், நம் வீடுகளிலும் அப்படித்தான். ‘பிள்ளைக்கு எம்பாச்சோ வந்தா வீட்ல என்ன குடுப்பீங்க?’ என்று கேட்டால் சொல்வார்கள். அப்படிக் கேட்டுத்தான் ஒரு பாட்டியின் பேரனை இரத்தத்தில் ஈயம் பார்க்கக் குழந்தை டாக்டரிடம் அனுப்பினேன். பல்லுக்கு வந்த பிள்ளைதான்.

இத்தனையும் தெரிந்த தைரியத்தில்தான் பரீட்சை எழுதினேன். எதிர்முனையில் அந்த அம்மா, “என் பிளாகா உடைஞ்சுபோச்சு” என்றார். பிளாகா என்றால் பல்லில் படியும் கறை என்று புத்தகத்தில் படித்திருந்தேன். கறை எப்படி உடையும் என்று ஒரு நொடிகூட யோசிக்காமல், தினம் இரண்டு வேளை பல் துலக்கச் சொல்லி ஐந்து நிமிடம் பிரசங்கம் பண்ணினேன். மெக்சிகோக்காரர்கள் பேச்சில் பிளாகா என்றால் கழற்றி மாட்டும் பல்செட். பாவம், அந்த அம்மா பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

மதிப்பெண் தாளில் இன்னொரு குறையும் இருந்தது. நோயாளியை ‘நீ’ என்று பேசியிருக்கிறேன். ஸ்பானிஷில் ‘தூ’ என்றால் நீ, ‘உஸ்தெத்’ என்றால் நீங்கள். பேச்சில் நான் உஸ்தெத்தான் போட்டேன். பதற்றத்தில் வினைச்சொல் மட்டும் மாறிவிட்டது. ‘வாயைத் திறங்க’ என்பதற்குப் பதில் ‘வாயைத் திற’. அறுபது வயதுப் பெண்மணியிடம்! ஆங்கிலத்தில் வளர்ந்தவர்களுக்கு இது சின்ன விஷயம். எனக்குத்தான் அவமானமாக இருந்தது.

நான்கு மாதம் கழித்து மறுபடி எழுதினேன். இந்தத் தடவை சொல் பட்டியலை மூட்டை கட்டி வைத்துவிட்டேன். உதவியாளர் அக்கா தினமும் மதியச் சாப்பாட்டு நேரத்தில் வெவ்வேறு நோயாளியாக நடித்தார். ஒருநாள் கோபக்காரத் தாத்தா, ஒருநாள் எல்லாவற்றுக்கும் ஆமாம் போடும் மருமகள். ஊசிக்கு ‘பிக்கேத்தீத்தோ’, குட்டிக் கடி என்று சொல்லணும், பல்லை மரக்க வைக்கிறேன் என்பதற்குப் ‘பல்லைத் தூங்க வைக்கிறேன்’ என்று சொல்லணும் என்றார். கடைசியில் ஒரு கேள்வியை மனப்பாடம் பண்ண வைத்தார்: “நான் சரியா விளக்கினேனான்னு தெரிஞ்சுக்கணும், வீட்டுக்குப் போய் என்ன செய்வீங்கன்னு எனக்குச் சொல்லுங்க.” நோயாளிக்குப் புரிந்ததா என்று கேட்டால் பதில் ‘சி’தான். பழியை என்மேல் போட்டுக்கொண்டு கேட்டால் உண்மை வரும்.

தேறினேன். அக்காவுக்கு அல்வா கிண்டிக்கொண்டு போனேன். இனி மொழிபெயர்ப்பாளர் எதற்கு, இவர்கள் நம்ம ஜனங்கள் மாதிரிதானே என்று ஒரு மிதப்பு வந்தது.

ஆகஸ்ட் கடைசி, திராட்சைப் பறிப்பு சமயம். முப்பது வயதுக்குள் ஒரு பெண், தெற்கு மெக்சிகோவின் ஓஹாக்காவிலிருந்து வந்தவள், கீழ்க் கடைவாய்ப் பல் முழுக்கச் சொத்தை. எடுத்துவிட வேண்டும் என்று முதல் தடவை சொன்னேன். “சி.” தேதி கொடுத்தேன், வரவில்லை. அடுத்த வாரம் வலியோடு வந்தாள். மறுபடி விளக்கினேன். “சி.” மனப்பாடம் பண்ணின கேள்வியைப் போட்டேன். அதற்கும் “சி.”

அப்போதுதான் உறைத்தது. அவளுக்கு ஸ்பானிஷ் தெரியாது. வீட்டு மொழி மிஷ்தெக்கோ, கொலம்பஸுக்கு முன்பிருந்தே அந்த மலைகளில் பேசப்படும் மொழி. சுருதி மாறினால் பொருள் மாறும்; ஸ்பானிஷுக்கும் அதற்கும் உறவு, தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் உள்ள அளவுதான். அதிலும் ஊருக்கு ஊர் வேறு. படிவத்தில் ‘ஹிஸ்பானியர்’ என்ற கட்டத்தில் டிக் அடித்திருந்தது. நான் அதற்குமேல் பார்க்கவில்லை. எனக்குத் தெரிந்த பெரியப்பா, ஆச்சி, கறுப்புக் கயிறு எதுவும் அங்கே செல்லுபடியாகவில்லை.

அவள் ஊர்ப் பேச்சு தெரிந்த மொழிபெயர்ப்பாளர் கிடைக்க மூன்று நாள் ஆயிற்று. போனை ஸ்பீக்கரில் போட்டேன். நான் ஸ்பானிஷில் சொல்ல, அவர் மிஷ்தெக்கோவில் சொன்னார். அந்தப் பெண் முதல் முறையாக என்னைப் பார்க்காமல் போனைப் பார்த்து நீளமாகப் பேசினாள். நிறுத்தவேயில்லை.

“பல் எடுத்த மறுநாள் திராட்சை பறிக்கப் போகலாமான்னு கேக்கறாங்க,” என்றார் மொழிபெயர்ப்பாளர். “ரெண்டு தடவையும் இதைத்தான் கேக்க வந்தாங்களாம்.”

வெயிலில் குனிந்து நிமிர்ந்து நாள் முழுக்க வேலை, இரத்தம் நிற்காது. இரண்டு நாளாவது வீட்டில் இருக்க வேண்டும் என்றேன். அந்த இரண்டு நாள் கூலியை விட முடியாது என்றாள். பல்லைத் திறந்து, சீழை வடித்து, உள்ளே மருந்து வைத்துத் தற்காலிகமாக அடைத்தேன். காய்ச்சல் வந்தாலோ வீங்கினாலோ அன்றே வர வேண்டும் என்று போன் வழியாகச் சொன்னேன். வீட்டுக்குப் போய் என்ன செய்வாள் என்று திரும்பச் சொல்லச் சொன்னேன், சொன்னாள். பறிப்பு எப்போது முடியும் என்று கேட்டதற்கு விரல்விட்டு எண்ணினாள். அட்டையில் அக்டோபர் 4 என்று எழுதிக் கொடுத்தேன். ஃபைலில் மொழி என்ற இடத்தில் ஸ்பானிஷை அடித்துவிட்டு மிஷ்தெக்கோ என்றும், பக்கத்தில் அவள் ஊர்ப் பெயரையும் எழுதினேன்.