இல்லாதவரின் இருப்பு

பிரெஞ்சுத் தத்துவவாதி சார்த்தர் 1943-ல் வெளியிட்ட ‘இருத்தலும் இன்மையும்’ நூலில் ஒரு காபிக் கடை வருகிறது. நண்பர் பியரைத் தேடிப் போகிறார், பியர் இல்லை. மேசை, புகை, பேச்சு எல்லாம் இருந்தும் ஒவ்வொரு முகமும் பியராக இல்லாமல் பின்னுக்குப் போகிறது. நெப்போலியனை வென்ற வெலிங்டன் பிரபுவும்தான் அங்கே இல்லை, ஆனால் அவரை யாரும் எதிர்பார்க்கவில்லை, அது வெறும் தகவல். எதிர்பார்த்தவர் இல்லாதபோதுதான் இன்மை உறைக்கிறது. அப்பா இறந்த பிறகு ஆட்கள் நிறைந்த வீட்டில் இதை நான் உடம்பாலேயே உணர்ந்தேன்.

ஆனாலும் என் மனம் சாய்வது உளப்பகுப்பாய்வைத் தொடங்கிவைத்த ஃபிராய்டின் பக்கம். 1920-ல் அவர் தன் ஒன்றரை வயதுப் பேரனைப் பற்றி எழுதினார். நூல் கட்டிய மரக்கட்டையைக் கட்டில் திரைக்கு அப்பால் எறிந்து, ‘ஓ’ என்று நீட்டிச் சொல்வான். ‘போச்சு’ என்று அர்த்தம். அப்புறம் இழுத்துப் பார்த்து, ‘இதோ’ என்று குதூகலிப்பான். அம்மா வெளியே போவதைத்தான் இப்படி விளையாடுகிறான் என்றார் ஃபிராய்ட். என்னை உலுக்குவது வேறு விஷயம்: திரும்பி வரும் பாதியைவிட, தொலைக்கும் பாதியைத்தான் அவன் அதிகம் விளையாடினானாம்! சந்தோஷத்தை விட்டுவிட்டு வலியை ஏன் திரும்பத் திரும்ப நடத்த வேண்டும்? வெறுமனே பறிகொடுத்தவனாக இருக்காமல், போகச் சொல்பவனாக மாறுகிறான் என்பது ஃபிராய்ட் தரும் விளக்கங்களில் ஒன்று.

ஃபிராய்டைப் பின்தொடர்ந்த பிரெஞ்சு உளப்பகுப்பாய்வாளர் லக்கான் இன்னும் தள்ளிப் போனார். உணவை மறுக்கும் (அனோரெக்சியா) நோயாளி சாப்பிடாமல் இல்லை, ‘ஒன்றுமில்லை’ என்பதையே சாப்பிடுகிறார் என்றார். அன்பைக் கேட்டவருக்குச் சோறு மட்டும் திணிக்கப்பட்டால், ஆசைக்கு இடம் வேண்டுமே, அந்த வெற்றிடத்தைக் காக்கத்தான் அவர் சோற்றை மறுக்கிறார்.