களக்காடு பக்கம் ஒரு மிஷன் டிரிப்

எங்கள் சேகரத்து (பக்கத்துச் சபைகள் சில சேர்ந்தது) வாலிபர் சங்கத்தில் மே மாதம் என்றாலே வி.பி.எஸ்., அதாவது பிள்ளைகளுக்கான விடுமுறை வேதாகமப் பள்ளிதான். பாட்டு, கைவேலை, கடைசி நாள் ஊர்வலம், அத்தோடு சரி. இந்த முறை களக்காடு பக்கம் உள்ள ஒரு குழந்தைகள் இல்லத்தில் ஒரு வாரம் போல தங்கி ஊழியம் செய்யலாம் என்று பேச்சு வந்தது. பாளையங்கோட்டையிலிருந்து வேன் பிடித்தால் மத்தியானச் சாப்பாட்டுக்குள் போய்ச் சேர்ந்துவிடுகிற ஊருக்கு மிஷன் டிரிப் என்று பெயரா என்று ஒரு அண்ணன் சிரித்தார். போகிறவர்களுக்கு உதவட்டும் என்று நடந்ததை எழுதுகிறேன்.

சபை ஐயர் (போதகர்) கொடுக்கிற கடிதம் மட்டும் போதாது. இல்லத்தில் ஒவ்வொருவருக்கும் ஆதார் நகல், போலீஸ் சரிபார்ப்புச் சான்று, குழந்தைப் பாதுகாப்பு விதிகளில் கையெழுத்து எல்லாம் கேட்டார்கள். போலீஸ் சான்றுக்கு அலைந்ததில் இரண்டு பேர் கழன்றுகொண்டார்கள். கேட்காமல் உள்ளே விடுகிற இல்லமாக இருந்தால்தான் நான் யோசித்திருப்பேன். வெளிநாட்டுச் சபை ஒன்றிலிருந்து இரண்டு நண்பர்கள் சேர்ந்துகொள்ள ஆசைப்பட்டார்கள். டூரிஸ்ட் விசாவில் வந்து பிரசங்கம் பண்ண முடியாது, மிஷனரி விசா என்று தனியாக இருக்கிறது என்று விவரம் தெரிந்ததும் அவர்களே விட்டுவிட்டார்கள்.

பிள்ளைகளைப் போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் போடக் கூடாது. 2015 இளைஞர் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவுப்படி, பராமரிப்பில் இருக்கிற பிள்ளையின் அடையாளத்தை வெளியிட்டால் ஆறு மாதம் வரை சிறை, இரண்டு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். சபையில் காட்டப் படமே இல்லாமல் எப்படி என்று சிலருக்கு வருத்தம். எனக்கு இல்லை.

இல்லத்துப் பொறுப்பாளர் அக்கா முதல் நாள் சாயங்காலமே தெளிவாகச் சொல்லிவிட்டார்: சின்னப் பிள்ளைகளை மடியில் தூக்கி வைத்துக்கொண்டே திரியக் கூடாது, தனியாக ஒரு பிள்ளைக்கு மட்டும் சாமான் வாங்கிக் கொடுக்கக் கூடாது, மறுபடி வருவேன் என்று வாக்குக் கொடுக்கவே கூடாது. நீங்க அழுதுட்டு வேன்ல ஏறிப் போயிருவீங்க, ராத்திரி அந்தப் பிள்ளைய தேத்துறது யாரு என்றார்.

டோனாவூர் அங்கிருந்து கிட்டத்தில்தான். அங்கே ஆதரவற்ற பிள்ளைகளுக்கு இல்லம் நடத்திய அயர்லாந்து மிஷனரி ஏமி கார்மைக்கேல் 1895இல் இந்தியா வந்தவர், 1951இல் இறக்கும்வரை சொந்த ஊருக்குத் திரும்பவே இல்லை. அங்கே பிள்ளைகளை வளர்த்தவர்களை அக்காள், சித்தி, அண்ணாச்சி என்றுதான் கூப்பிட்டார்கள். அப்பேர்ப்பட்ட மண்ணில் நாம் ஒரு வாரம் வந்து என்னத்தைக் கிழிக்கப் போகிறோம் என்று ராத்திரி ஜெபம் முடிந்ததும் ஒரு தம்பி கேட்டான். அக்கா காதில் அது விழுந்துவிட்டது. "பிள்ளைகளுக்கு அம்மாவா இருக்க நாங்க இருக்கோம் தம்பி, எங்களுக்குக் கைதான் பத்தல" என்றார்.

மறுநாளிலிருந்து கைவேலைதான். பள்ளிக்கூடம் திறக்கும் முன்னே டிரங்குப் பெட்டிகளையெல்லாம் முற்றத்தில் இழுத்துப் போட்டு, உப்புத்தாளால் துரு தேய்த்து, நீல எனாமல் அடித்து, காய்ந்தபின் மூடியில் வெள்ளையில் நம்பர் எழுதினோம். லீவுக்கு வீட்டுக்குப் போகாமல் அங்கேயே இருந்த பையன்களும் கூட நின்றார்கள். ஒருத்தன் மட்டும் பிரஷைப் பிடித்துக்கொண்டு விடவில்லை, "நம்பர் வேண்டாம்ணே, பேர் எழுதுங்க" என்றான். அடுத்த வருஷம் பெட்டி வேறு பிள்ளைக்குப் போகும், அதனால் பெயர் எழுதுவதில்லையாம். கடைசியில் மூடிக்கு உள்பக்கம் சாக்பீஸால் அவனே எழுதிக்கொள்ளலாம் என்று அக்கா சம்மதித்தார். பத்து நிமிஷத்தில் எல்லாப் பெட்டியும் திறந்து கிடந்தது, ஈர பெயிண்டெல்லாம் கைரேகை.

ஆனால் ஒழுங்காகப் பிரயோஜனப்பட்ட வேலை என்று நான் சொல்வது வேறு. மே கடைசியில் லீவுக்குப் போன பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அம்மாக்களும் ஆச்சிகளும் வந்தார்கள். பாதிக்கு மேல் பிள்ளைகளுக்கு இப்படி யாராவது இருக்கிறார்கள், கஷ்டத்தால்தான் விட்டிருக்கிறார்கள். மிஷன் வாத்சல்யா என்கிற மத்திய அரசின் குழந்தைகள் நலத் திட்டத்தில் விதவைத் தாய்மாரின் பிள்ளைகள் போன்றவர்களுக்கு, வீட்டில் வைத்தே வளர்க்க, மாதம் 4,000 ரூபாய் நிதி ஆதரவு உண்டு. கிராமத்தில் குடும்ப வருமானம் வருஷத்துக்கு 72,000க்கு மேல் போகக் கூடாது, நகரத்தில் 96,000. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் மனுக் கொடுக்க வேண்டும். பீடி சுற்றி நாலு பேருக்குச் சோறு போடுகிற பெண்ணுக்கு இதை யார் போய்ச் சொல்வது? எங்களோடு வந்த ஒரு அக்கா இ-சேவை மையத்தில் வேலை பார்க்கிறவர். வராந்தாவில் பெஞ்சு போட்டு உட்கார்ந்து, அப்பாவின் இறப்புச் சான்று, வருமானச் சான்று, ரேஷன் கார்டு, பாஸ்புக் என்று ஒவ்வொருவரிடமும் எது இருக்கிறது எது இல்லை என்று பார்த்துப் படிவம் நிரப்பிக் கொடுத்தார். அன்று எங்களில் பாட்டுப் பாடினவர்கள், நாடகம் போட்டவர்கள் எல்லாரும் அவருக்கு ஜெராக்ஸ் எடுக்க ஓடினோம்.

வேன் வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் ஆன காசை அப்படியே அனுப்பியிருந்தால் என்ன என்று திரும்பி வந்ததும் கேட்டார்கள். பணம் மட்டும் போயிருந்தால் எனாமல் வாங்கியிருக்கலாம், அந்தப் பெஞ்சில் உட்கார ஆள் வந்திருக்காது. அதே சமயம் பாடிவிட்டு, பிஸ்கட் கொடுத்துவிட்டு, பிள்ளைகளைக் கட்டிப்பிடித்து அழுதுவிட்டு வருவதற்கு மட்டும் என்றால் காசை அனுப்பிவிடுவதே மேல்.

மனுக்களில் சில ஒப்புதலாகிவிட்டன. ஒன்று வருமானச் சான்று கிடைக்காமல் இன்னும் நிற்கிறது. அதற்கு இ-சேவை அக்காதான் போனில் பேசிக்கொண்டிருக்கிறார். அடுத்த வருஷம் பெயிண்ட் அடிக்க ஆள் வேண்டாம், வயரிங் தெரிந்த ஒருவரும் பத்தாம் வகுப்புக் கணக்கு நடத்துகிற ஒருவரும் வந்தால் போதும் என்று பொறுப்பாளர் அக்கா இப்போதே சொல்லி வைத்திருக்கிறார்.