பாட்டாவின் 450 ரைபிள்: லைசென்ஸ் என் பெயருக்கு மாறிய விதம்

எங்கள் வீட்டு ரைபிள் ஒரு மார்ட்டினி, ஒவ்வொரு தடவையும் ஒரே தோட்டா போட்டுச் சுடும் பழைய வகை. குலசேகரத்துக்கு மேலே மலையில் எஸ்டேட் பார்த்துக்கொண்டிருந்த ஒரு வெள்ளைக்காரரிடம் பாட்டா அதை வாங்கினார். அப்போது இது திருவிதாங்கூர். பாட்டாவுக்குப் பிறகு அப்பா வைத்திருந்தார். அப்பா தவறிய பின் அதை என் பெயருக்கு மாற்றினேன். மலையோரத்தில் இன்னும் சில வீடுகளில் இப்படிப் பழைய துப்பாக்கிகள் உண்டு, அவர்களுக்கு உதவும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதல் வேலை, துப்பாக்கியை ஒப்படைப்பது. லைசென்ஸ் அப்பா பெயரில். அவர் போன பிறகு அதை வீட்டில் வைத்திருக்க எங்களில் யாருக்கும் அனுமதி இல்லை. 1959 ஆயுதச் சட்டம் 21ஆம் பிரிவுப்படி தாமதிக்காமல் போலீஸ் ஸ்டேஷனிலோ லைசென்ஸ் உள்ள துப்பாக்கி வியாபாரியிடமோ கொடுத்துவிட வேண்டும். துக்க வீட்டில் இதெல்லாம் யாருக்கும் தோன்றாது. சித்தப்பாதான் நினைவுபடுத்தி, கூடவே ஸ்டேஷனுக்கு வந்தார். ரசீதில் துப்பாக்கி எண் சரியாக எழுதியிருக்கிறதா என்று அங்கேயே நின்று பார்த்துவிடுங்கள்.

காகிதங்கள் வழக்கமானவைதான்: இறப்புச் சான்று, தாசில்தார் தரும் வாரிசுச் சான்று, அம்மாவும் அக்காவும் ஆட்சேபணை இல்லை என்று கொடுத்த பிரமாணப் பத்திரம், மருத்துவச் சான்று, துப்பாக்கி கையாளும் பயிற்சிச் சான்று. 2016 ஆயுத விதிகளில் 25ஆம் விதி வாரிசுக்கு லைசென்ஸ் தருவதைப் பற்றியது. அதைச் சொல்லி விண்ணப்பித்தேன், போலீஸ் விசாரணையும் வந்து போனது.

சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. அப்பாவின் லைசென்ஸ் புத்தகத்தில் ‘ரைபிள், 450’ என்று மட்டும் இருந்தது, அதாவது குழலின் உள்விட்டம் சுமார் .450 அங்குலம். குழலிலும் அந்த எண்தான். ஆனால் 450 என்ற பெயரில் பல தோட்டாக்கள் உண்டு. கருமருந்துக் காலத்து .450 எக்ஸ்பிரஸ் ஒன்று, 1898இல் ரிக்பி கம்பெனி கொண்டுவந்த, புகையில்லா மருந்து போட்ட .450 நைட்ரோ எக்ஸ்பிரஸ் ஒன்று, மார்ட்டினி-ஹென்றி ராணுவ ரைபிளுக்கான .577/450 ஒன்று. முதல் இரண்டும் மூன்றேகால் அங்குல நீளக் கூடு (தோட்டாவின் பித்தளை உறை). ஒன்றுக்கான அறையில், அதாவது குழலில் தோட்டா உட்காரும் இடத்தில், மற்றது நுழைந்துவிடும், ஆனால் நைட்ரோவின் அழுத்தம் மிக அதிகம். பழைய கருமருந்து ரைபிளில் யாராவது நைட்ரோ தோட்டாவைப் போட்டால் குழலும் கையும் போய்விடும். அதனால் சரியான அளவு தெரியாமல் ஏட்டில் ஏற்ற எனக்கு மனம் வரவில்லை.

முறைப்படி அனுமதி வாங்கி ரைபிளை லைசென்ஸ் உள்ள ஒரு துப்பாக்கி மெக்கானிக்கிடம் கொண்டுபோனோம். தோட்டா உட்காரும் அறையை அச்செடுத்துப் பார்க்கலாம் என்றார். செரோசேஃப் என்ற உலோகக் கலவை. பிஸ்மத், ஈயம், வெள்ளீயம், காட்மியம் சேர்ந்தது. கொதிநீரின் சூட்டுக்குக் குறைவாகவே உருகிவிடும். குழலைத் துடைத்து, அறைக்குச் சற்று முன்னால் துணியால் அடைத்து, உருகியதை மெல்ல ஊற்றினார். இறுகும்போது கொஞ்சம் சுருங்குவதால் அச்சு தானாகக் கழன்று வருகிறது. பிறகு மெதுவாக விரிந்து, ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் அறையின் சரியான அளவுக்கு வந்து நிற்கும். அதுவரை அளக்கக் கூடாது என்று கருவியைத் தொடவே விடவில்லை.

அச்சு வெளியே வந்ததுமே பாதி விடை தெரிந்துவிட்டது. அடி பருத்து, தோள் சரிந்து, கழுத்து ஒடுங்கி, குட்டையான சோடா பாட்டில் மாதிரி இருந்தது. எக்ஸ்பிரஸ் கூடு நேராக இருக்கும், இப்படி இருக்காது. அளந்ததில் .577/450 என்று உறுதியானது. அவர் எழுதிக் கொடுத்த அறிக்கையை விண்ணப்பத்தோடு சேர்த்தேன். புது லைசென்ஸில் அளவு முழுமையாக ஏறிவிட்டது. அந்த வரியைப் பார்த்தபோது உண்மையிலேயே நிறைவாக இருந்தது.

இடையில் ஒருவர், இது பழங்காலப் பொருள், லைசென்ஸே வேண்டாம் என்றார். அப்படி நம்பி இருந்துவிடாதீர்கள். 45ஆம் பிரிவில் விலக்கு இருக்கிறது. ஆனால் பழுது பார்த்தாலும் சுட முடியாத நிலையில் உள்ள ஆயுதத்துக்குத்தான் அது. எங்களுடையதில் விசையும் குழலும் நன்றாக இருக்கின்றன.

சரி, தோட்டா? கடையில் கிடைக்காது. மெல்பர்னில் இருக்கும் அத்தை மகன் அங்குள்ள லைசென்ஸோடு இதே அளவுக்குத் தானே தோட்டா கட்டுகிறான். சிதறுகுண்டுத் துப்பாக்கிக்கான 24 போர் அளவுப் பித்தளைக் கூட்டை அச்சில் கொடுத்துக் கழுத்தை ஒடுக்கி எடுப்பதை வீடியோ அழைப்பில் காட்டினான். சுட்டு முடித்த அன்றே ரைபிளையும் கூடுகளையும் வெந்நீரில் கழுவிவிடுவானாம். கருமருந்தின் கசடு ஈரத்தை இழுத்துத் துருப்பிடிக்க வைக்கும். நம் கடற்காற்றுக்குச் சொல்லவே வேண்டாம். பார்க்க ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் இங்கே தனி லைசென்ஸ் இல்லாமல் தோட்டா தயாரிப்பது குற்றம். தோட்டாவின் பாகங்களும் அதைச் செய்யும் கருவிகளும்கூடச் சட்டத்தின் பார்வையில் தோட்டாதான். அவனிடம் ஒரு வெறும் கூடுகூடக் கொண்டுவரச் சொல்லவில்லை. ரைபிள் எண்ணெய் பூசி பூட்டில் இருக்கிறது, தேர்தல் வந்தால் ஸ்டேஷனுக்குப் போய்த் திரும்பும்.

அப்புறம், 25ஆம் விதியில் இன்னொன்றும் உண்டு. லைசென்ஸ்தாரருக்கு 70 வயது ஆனாலோ, துப்பாக்கியை 25 ஆண்டுகள் வைத்திருந்தாலோ, உயிரோடு இருக்கும்போதே வாரிசுக்கு மாற்றித் தரலாம். சித்தப்பாவின் 12 போர் சிதறுகுண்டுத் துப்பாக்கிக்கு இப்போது அப்படி விண்ணப்பித்திருக்கிறோம். அதுவும் பழைய இங்கிலாந்துத் துப்பாக்கி, அறை இரண்டரை அங்குலம். இன்றைய 70 மில்லிமீட்டர் தோட்டா அதில் சுலபமாக நுழைந்துவிடும். சுடும்போது அதன் மடிந்த வாய் விரிய இடமில்லாமல் அழுத்தம் ஏறும். அறையின் நீளத்தையும் விண்ணப்பத்திலேயே எழுதச் சொல்லியிருக்கிறேன்.