குழாய் போகும் வழி

கொழும்பில் ஒரு தமிழ் நாளிதழின் வெளிநாட்டுச் செய்திப் பிரிவில் வேலை பார்க்கிறேன். எரிவாயுக் குழாய்ச் செய்தி என்றால் முன்பெல்லாம் பக்கத்தின் அடியில் நாலு வரியில் முடிந்துவிடும். "நம் ஆட்கள் இதை வாசிப்பார்களா?" என்று கேட்பார்கள். வாசிக்க வேண்டிய செய்தி என்றுதான் நான் வாதாடுவேன்.

எண்ணெய்க் கப்பலை நடுக்கடலில் வேறு துறைமுகத்துக்குத் திருப்பலாம். குழாயைத் திருப்ப முடியாது. விற்பவரும் வாங்குபவரும் பல பத்தாண்டுகளுக்குக் கட்டுண்டு கிடக்க வேண்டியதுதான். நடுவிலுள்ள நாட்டுக்கும் ஒரு பிடி இருக்கும். 2009 ஜனவரியில் ரஷ்யாவும் அதன் குழாய் கடந்துபோன உக்ரைனும் விலைக்காக மோதிக்கொண்டபோது, கடுங்குளிரில் எரிவாயு இல்லாமல் தவித்தது பல்கேரியா. ரஷ்யாவிலிருந்து உக்ரைனைத் தொடாமல் பால்டிக் கடலடியில் 1,224 கிலோமீற்றர் ஓடி ஜேர்மனியை அடையும் நோர்ட் ஸ்ட்ரீம் குழாய் 2011இல் திறக்கப்பட்டது. கிழக்கே சீனாவுக்கு 2019இல் இன்னொரு குழாய் திறந்தது ரஷ்யா.

2022 செப்டெம்பர் 26இல் பால்டிக் கடலடியில் வெடிப்பு. அன்றிரவு வரைபடம் போட உட்கார்ந்த பக்க வடிவமைப்பாளர், "அண்ணா, எத்தனை கோடு போடுறது?" என்று கேட்டார். நோர்ட் ஸ்ட்ரீம் 1, 2 என்ற இரண்டு திட்டங்களுக்கும் இரண்டிரண்டாக நான்கு குழாய்கள். அதில் மூன்று உடைந்துபோயின. அந்த வரைபடத்தைப் பக்கத்தின் நடுவில் பெரிதாகப் போட வைத்தேன்.

வெடிப்புக்கு முன்பே, உக்ரைன் போரோடு ரஷ்யக் குழாய்கள் வற்றத் தொடங்கியதும், திரவமாக்கிக் கப்பலில் வரும் இயற்கை எரிவாயுவை ஐரோப்பா என்ன விலை கொடுத்தாவது வாங்கியது. அந்த விலைக்கு வாங்க முடியாமல் பங்களாதேஷ் இருட்டில் கிடந்தது. அதே ஆண்டு இங்கே 13 மணிநேர மின்வெட்டு. எங்களுக்கு வேறு காரணம்: டொலர் இல்லை. ஆனாலும் வல்லரசுகளின் சண்டையில் கைநீட்டி நிற்கும் சிறிய நாட்டின் நிலை எனக்கு அந்த இரண்டு செய்திகளிலும் ஒன்றாகவே தெரிந்தது.

மன்னார்க் கடலில் 2011இல் கண்டுபிடித்த எரிவாயு இன்னும் கடலடியில்தான் இருக்கிறது. ஆனால் போட்டி வந்துவிட்டது. 2025 ஜனவரியில் அம்பாந்தோட்டையில் 370 கோடி டொலர் சுத்திகரிப்பு ஆலைக்குச் சீன நிறுவனமான சினோபெக்குடன் ஒப்பந்தம். ஏப்ரலில் திருகோணமலையை எரிசக்தி மையமாக்க இந்தியாவுடனும் ஐக்கிய அரபு அமீரகத்துடனும் உடன்பாடு. அங்குள்ள 99 பழைய எண்ணெய்த் தாங்கிகளில் 61ஐ இந்திய நிறுவனத்துடன் கூட்டாகப் புதுப்பிக்க 2022இலேயே கையெழுத்தாகிவிட்டது.

சரி, முதலீடு வரட்டும், வேண்டியதுதான். ஆனால் இப்படி ஒரு செய்தி வந்தால், கைகுலுக்கும் படத்தோடு நிருபரை நான் விடுவதில்லை. எத்தனை ஆண்டு ஒப்பந்தம், விலையை யார் தீர்மானிப்பது, பிணக்கு வந்தால் எந்த நாட்டு நீதிமன்றம் என்று கேட்கிறேன். பதில் கிடைக்காவிட்டால் மறுநாளும் அமைச்சுக்குப் போன் போடச் சொல்கிறேன்.