கீழ் ஃப்ளாட்டில் கேட்ட அசரீரி

எங்கள் அடுக்ககத்தின் பெயின்ட் கணக்கு நேற்று ராத்திரி வந்துவிட்டது. தீபாவளிக்கு முந்தி அடித்த பெயின்ட். பொங்கல் போய், மொட்டை மாடிச் சுவரில் அது உரியவும் தொடங்கிய பிறகு, பில், ரசீது, கையிருப்பு மீதி சகிதம் பொருளாளர் தானாகவே வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார். யாரும் கேட்கவில்லை. கேட்டுக் கேட்டு அலுத்துப்போய் விட்டிருந்தோம். அப்பா இதைத் தன்னுடைய வெற்றி என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். நினைத்துக்கொள்ளட்டும்.

இதற்கு நடுவில் அப்பாவுக்குக் கண்புரை ஆபரேஷன் ஆனது. ஆபரேஷன் என்னவோ காபி ஆறுவதற்குள் முடிந்துவிட்டது. அதற்கப்புறம் வந்த பத்தியம்தான் எங்களைப் படுத்தியது. தலைக்குத் தண்ணீர் கூடாது, குனியக் கூடாது, சொட்டு மருந்து வேளை தவறக் கூடாது, புதுக் கண்ணாடிக்கு நம்பர் எழுத ஒரு மாதம் ஆகும். பேப்பர் படிக்க முடியாத அப்பாவை வீட்டில் வைத்துக்கொள்வது லேசுப்பட்ட காரியமில்லை. அந்த வாரம் ஃபேன் ஏன் சத்தம் போடுகிறது, பருப்பு ஏன் இத்தனை விசில், வேலைக்காரம்மா ஏன் இடமிருந்து வலமாகப் பெருக்குகிறாள் என்று எல்லாத் துறைகளையும் அவரே நேரடியாகக் கவனித்தார். அம்மா பெங்களூரில் இருக்கும் தம்பிக்கு ஃபோன் போட்டு, “உங்கப்பாவுக்கு எதையாவது கொடுடா, இல்லேன்னா என்னை அங்க கூட்டிண்டு போயிடு” என்றாள். தம்பி, அப்பாவின் போனில் துப்பறியும் சாம்பு ஒலிப்புத்தகத்தைப் போட்டுக்கொடுத்தான்.

நல்ல காரியம்தான். சாம்புவை எழுதிய தேவன் 1957-லேயே போய்விட்டார். அறுபது வருஷக் காப்புரிமையும் தீர்ந்துவிட்டதால் குரல் இருக்கிறவர்கள் எல்லாம் சாம்புவை வாசிக்க உட்கார்ந்துவிட்டார்கள். ஒருவர் வீணையைப் பின்னால் ஓடவிட்டு வாசிக்கிறார். இன்னொருவர் குளியலறையில் உட்கார்ந்து வாசிக்கிறார் போல, ஒவ்வொரு வாக்கியத்துக்கும் எதிரொலி. மூன்றாமவர் நகைச்சுவை வருவதற்கு ஒரு வரி முன்பே சிரித்துவிடுகிறார். அப்பா அத்தனை பேரையும் வித்வத் சபைப் பரீட்சை மாதிரி வரிசையாகக் கேட்டு ஃபெயில் போட்டார். “தேவன் மூஞ்சியை உர்ருனு வெச்சுண்டுதான் எழுதுவார். பேங்க் சர்க்குலர் படிக்கிற மாதிரி படிக்கணும். அவனே சிரிச்சுட்டா அப்புறம் நான் எதுக்கு?”

கடைசியில் தேறியவர் சற்றே வேகமாக வாசிப்பவர். பிறகுதான் தெரிந்தது, என் பையன் வேகத்தை ஒன்றரை மடங்கு வைத்திருக்கிறான் என்று. சரி செய்து கொடுத்தால், “என்னத்துக்கு இழுக்கறான் இவன்? முதல்ல இருந்தவனைப் போடு” என்றார். அதே ஆள்தான் என்று சொல்லிப் பார்த்தோம். நம்பவில்லை.

அன்றிலிருந்து வீட்டில் சாம்பு ராஜ்யம். 1942-ல் விகடனில் வரத் தொடங்கிய கதைகள், மொத்தம் ஐம்பது. பேங்கில் எல்லோரும் அசடு என்று ஒதுக்கிய குமாஸ்தா சாம்பு. பயந்து ஓடுவான், தப்பான ஆளைப் பிடிப்பான், தப்பான வீட்டுக்குள் நுழைவான், அங்கேதான் நிஜத் திருடன் ஒளிந்திருப்பான். இன்ஸ்பெக்டர் கோபாலன் மட்டும் இதெல்லாம் அபார மூளையின் திட்டம் என்று அசந்துபோவார். அப்பா சின்ன வயசில் பைண்டு வால்யூமில் படித்தவர். கோபுலு போட்ட படக்கதையில் சாம்புவின் மூக்கு எத்தனை நீளம் என்று இப்போதும் விரலால் காற்றில் வரைந்து காட்டுவார். தூர்தர்ஷனில் காத்தாடி ராமமூர்த்தி சாம்புவாக வந்தபோது ஆபீஸிலிருந்து சீக்கிரம் கிளம்பி வந்தவர். அம்மாவுக்கு இந்தக் கதைகளில் ஒரே ஒரு கேள்விதான்: “அந்த வேம்பு எப்படித்தான் இவனோட குப்பை கொட்டினாளோ?” கேட்டுவிட்டு அப்பாவைப் பார்ப்பாள்.

ராத்திரியும் தலையணைக்கடியில் போன் பாடிக்கொண்டே இருக்கும். அப்பா ரெண்டாவது பாராவிலேயே குறட்டை. காலையில் எழுந்து, “இந்தப் பையன் விடியற நேரத்துக்குப் பாதிக் கதையில எழுந்து போயிடறான்டி. காபி சாப்பிடப் போறானோ என்னவோ” என்று புகார் சொல்வார். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். நான் என்ன சாம்புவா?

இந்தச் சமயத்தில்தான் கீழ் ஃப்ளாட் மாமி வீட்டில் அசரீரி கேட்டது. விடிகாலை நாலரைக்கு எழுந்து விளக்கேற்றி, சுவாமி அலமாரியில் உள்ள குட்டி ஸ்பீக்கரில் சுப்ரபாதம் போடுவார் மாமி. அன்றைக்கு வேங்கடேசனுக்குப் பதிலாக ஒரு ஆண் குரல், கோபாலன் என்றதாம். அப்புறம் திருட்டு என்றதாம். மாமி ஸ்விட்சை அணைத்ததும் குரல் நின்றது. மறுநாளும் அதே. பால்காரருக்குச் சொன்னார். பால்காரர் எங்கள் தெருவுக்குச் சொன்னார். அன்று மாலைக்குள் பழவந்தாங்கல் சுரங்கப்பாதை வரை விஷயம் போயிருக்கும்.

இதில் ஒரு சங்கடம். எங்கள் பொருளாளரின் பெயரும் கோபாலன்தான்.

லிஃப்டில் மாமியை மடக்கிக் கேட்டிருக்கிறார். நானும் உள்ளே இருந்தேன், காய்கறிப் பையோடு. “மாமி, அசரீரி என் பேரையா சொல்லித்து?”

“பேரைச் சொல்லித்து. திருட்டுன்னும் சொல்லித்து. ரெண்டுக்கும் நடுவுல என்ன சொல்லித்துன்னுதான் காதுல சரியா விழலை.”

மனிதர் முதல் மாடி என்று நினைத்து மூன்றாவது மாடியில் இறங்கிப் போனார்.

அப்பாவுக்கு உடம்பெல்லாம் சாம்பு ஏறியிருந்த நேரம். விடுவாரா? ஆபரேஷனுக்குக் கொடுத்த கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, சட்டைப் பையில் போனோடு துப்பறியக் கிளம்பிவிட்டார். படியில் தடுக்கிவிடப் போகிறாரே என்று நானும் பின்னாலேயே போனேன். மாமி வீட்டுச் சுவரைத் தட்டினார். ஜன்னல் கம்பியை எண்ணினார். அலமாரிக்குப் பின்னால் எட்டிப் பார்த்துவிட்டு, மொட்டை மாடித் தொட்டியிலிருந்து வரும் குழாய் வழியாகத்தான் சத்தம் இறங்குகிறது என்று தீர்ப்புச் சொன்னார். “ஸ்பீக்கரை ஒரு தடவை போடுங்கோ, பார்ப்போம்” என்றார். மாமி போட்டார். பச்சை விளக்கு மினுக்கிற்று. உள்ளேயிருந்து ஒரு வெள்ளைக்காரி “கனெக்டட்” என்றாள்.

எனக்குப் பளிச்சென்று விளங்கிவிட்டது. நவராத்திரிக்கு எங்கள் வீட்டுக் கொலுவில் பாட்டுப் போட மாமியிடம் இதே ஸ்பீக்கரை இரவல் வாங்கி, அப்பாவின் போனோடுதான் ஜோடி சேர்த்தோம். திருப்பிக் கொடுத்தோமே தவிர, ஜோடியைப் பிரிக்கவில்லை. சுவாமி அலமாரிக்கு நேர் மேலே அப்பாவின் கட்டில். ப்ளூடூத்துக்கு ஒரு காங்கிரீட் தளம் எம்மாத்திரம்? மாமி ஸ்பீக்கரைப் போட்டதும் சாம்பு மாடியிலிருந்து இறங்கி வந்து வேங்கடேசனுக்கு முன்னால் நின்றிருக்கிறான். அணைத்ததும் போனும் வாயை மூடிக்கொண்டிருக்கிறது.

அப்பா குழாயை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். நான் மெதுவாக அவரைக் கூட்டிக்கொண்டு மேலே வந்து அம்மாவிடம் சொன்னேன். அம்மா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தாள். “அவர்கிட்ட மூச்சு விடாதே. கணக்கு வரட்டும்” என்றாள்.

கணக்குதான் நேற்று வந்தது. மீதி 18,000 ரூபாய்ச் சொச்சம், “வங்கியில் செலுத்தத் தாமதமானதற்கு வருந்துகிறேன்” என்ற குறிப்போடு. அப்பா அதை என்னைவிட்டு ரெண்டு தரம் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, “நான் குழாயைத் தட்டினதுல ஆள் பயந்துட்டான்” என்றார்.

இன்று காலை, ப்ளூடூத் சமாசாரத்தைப் பக்குவமாக எடுத்துச் சொல்லி மன்னிப்புக் கேட்டுவிட்டு வரலாம் என்று மாமியிடம் போனேன். பாவம், வயசான காலத்தில் தனியாக இருக்கிறவர், பயந்திருப்பாரே. மாமி கறிவேப்பிலை உருவிக்கொண்டிருந்தார்.

“உட்காரு. ஏண்டி பொண்ணே, எனக்கு வேம்புவைத் தெரியாதா, சாம்புவைத் தெரியாதா? கல்யாணத்துக்கு முன்னாடியே படிச்சவ நான். ரெண்டாம் நாளே தெரிஞ்சுடுத்து.”

“அப்புறம் ஏன் மாமி அசரீரின்னு...”

“அசரீரின்னு நான் சொன்னேனா? குரல் கேட்டுதுன்னேன். பால்காரன் சொன்னான் அசரீரின்னு.” காம்பைத் தூக்கிப் போட்டார். “அந்தப் பெயின்ட்ல என் பங்கும் இருக்கோன்னோ?”

நான் கிளம்பும்போது வாசல்வரை வந்தார். “உங்கப்பாகிட்ட ஒண்ணு சொல்லு. ரொம்ப ஓட்டமா ஓட்டறான் அந்தப் பையன், வேகத்தைக் கொறைக்கச் சொல்லு. அப்புறம், சுப்ரபாதம் முடிய அஞ்சு மணி ஆயிடும். அதுக்கு மேல போடச் சொல்லு. நேத்து நல்ல இடத்துல நிறுத்திட்டேன்.”

வேகத்தைக் குறைத்தால் அப்பா அது வேறு ஆள் என்பார். இதற்கு நான் யாரைப் போய்ப் பிடிப்பது?