டேப்பால அளந்து குழந்தை வெயிட் சொல்லக் கத்துக்கிட்டது

எமர்ஜென்சி டூட்டிக்கு வந்த புதுசுல "குழந்தை வெயிட் எவ்ளோ"ன்னு டாக்டர் கேட்டாலே எனக்கு வயித்துல புளியைக் கரைக்கும். ஃபிட்ஸ்ல துடிக்கிற குழந்தையை மெஷின்ல எப்படி நிக்க வெக்கிறது, ஆனா மருந்தெல்லாம் கிலோ கணக்கு, அம்மாகிட்ட கேட்டா பதட்டத்துல எப்பவோ தடுப்பூசி போடுறப்ப பாத்த எடையைச் சொல்றாங்க. நான் மனப்பாடம் பண்ணி வெச்சிருந்தது வயசோட 4 கூட்டி ரெண்டால பெருக்குறது, 3 வயசுன்னா 14 கிலோ, அதையே நம்பிட்டு இருந்தேன்.

சீனியர் சிஸ்டர் ஒருத்தங்கதான் வேலை இல்லாத நேரத்துல வார்டுல தேறிட்டு இருக்கற குழந்தைங்களை அளந்து, எடையை எழுதி வெச்சிட்டு, அப்புறமா மெஷின்ல சரிபாருன்னாங்க.

முதல்ல ப்ராஸலோ டேப், அதாவது குழந்தையோட நீளத்தை வெச்சு எடை சொல்ற கலர் டேப். குழந்தையைப் படுக்க வெச்சு சிவப்பு முனையை உச்சந்தலையில வெச்சு நீட்டினா குதிகால் எந்த கலர்ல வருதோ அதுல கிலோ போட்டிருக்கும். பாக்க ஈஸி. நான் என்ன பண்ணேன்னா கால் விரல் நுனி வரைக்கும் இழுத்துட்டேன்! குழந்தை பாதத்தை வேற கீழ நீட்டிட்டு இருந்துச்சு, பர்ப்பிள்ல வரவேண்டியது மஞ்சளுக்குப் போயிடுச்சு, சிஸ்டர் சிரிச்சுட்டு பாதத்தை நிமித்திப் பிடிச்சு, முட்டியை அமுக்கி, குதிகால்ல நிறுத்திக் காட்டினாங்க.

இன்னொரு நாள் 3 வயசு பையன், ஒல்லி. ஃபார்முலா 14, டேப் 12 கிட்ட, மெஷின் 11.2. கிலோவுக்கு 20 மில்லி சலைன்னா 280க்கும் 224க்கும் உள்ள வித்தியாசம், அன்னிக்கு நிஜமாவே வெலவெலத்துப் போயிட்டேன். டேப்புக்கு நீளம் மட்டும்தான் தெரியும், ஒல்லியா குண்டான்னு அதுக்கு எப்படித் தெரியும்? அதனாலதான் கையையும் அளக்கச் சொல்றாங்க. மெர்சி முறைல மேல்கை எலும்போட நீளம், மேல்கை சுத்தளவு ரெண்டுக்கும் தனித்தனியா ஒரு எண் எடுத்து கூட்டினா எடை வந்துடும்.

இந்தக் கை அளவுலதான் நான் ரொம்ப திணறினேன். முழங்கையை மடக்கி, தோள் எலும்பு முனைக்கும் முழங்கை முனைக்கும் நடுவுல பேனாவால புள்ளி வெக்கணும், ஆனா சுத்தளவு எடுக்கறப்ப கையை நீட்டி தொங்க விட்டிருக்கணும். நான் மடக்கின கையிலயே அளந்துட்டு இருந்தேன். இறுக்கினா ஒரு அளவு, தளர விட்டா ஒரு அளவு, அழுதுட்டு கையை முறுக்குற குழந்தைன்னா சொல்லவே வேணாம். மூணு தடவை அளந்து மூணும் ஒட்டி வந்தாதான் எழுதுவேன்னு வெச்சுக்கிட்டேன், கொஞ்ச நாள்ல கை பழகிடுச்சு.

இப்பவும் கேஸ் ஷீட்ல எடைக்குப் பக்கத்துல "டேப்"னு எழுதிடறேன். குழந்தை தேறினதும் அடுத்த ஷிஃப்ட்ல இருக்கறவங்க மெஷின்ல போட்டு அதை அடிச்சு திருத்தணும்ல.